பிரிண்டர் மூலையில் அடித்த மணி

மதியச் சாப்பாட்டு நேரம். ஊறுகாய் பாட்டிலை மேஜை டிராயரிலேயே விட்டுவிட்டு வந்ததால், பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஹாலுக்குத் திரும்பிப் போனேன்.

ஹாலில் எல்லா நாற்காலிகளும் காலி. பெண்கள் அத்தனை பேரும் பின்பக்கத்து வேப்பமரத்தடியில் டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த பெரிய பிரிண்டரை, காகிதம் மாற்றுவதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் அது கேட்டது. பீப். கொஞ்சம் இடைவெளி. பீப். மறுபடி பீப்.

பிரிண்டர் மூலையில் வசந்தி மட்டும் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். இடது பக்கம் கார்டுக் கட்டு. கண் கார்டின் மேல். விரல்கள் கீபோர்டில் பறந்துகொண்டிருந்தன. அவளுக்கு எதிரில் இருந்த டெர்மினல் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரு கார்டை முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

எப்படித் தெரியும் அவளுக்கு? வசந்திக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது.

எனக்கு ஊறுகாய் மறந்துபோயிற்று. அந்த வாரச் சனிக்கிழமையோடு வசந்தியை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள். அதை அவளிடம் எழுதிக் காட்ட வேண்டிய பொறுப்பை மேனேஜர் என் தலையில் கட்டியிருந்தார். அன்று வியாழக்கிழமை.

எங்கள் ஹால்

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைக் கடைகிற, வளைக்கிற, முலாம் பூசுகிற பட்டறைகளுக்கு நடுவே எங்கள் கம்பெனி ஒன்றுதான் எதையும் கடையாமல் வளைக்காமல் பிழைத்துக்கொண்டிருந்தது. மற்ற தொழிற்சாலைகளின் ஸ்டோர் கார்டுகளை வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, பட்டியலாக அச்சடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. எந்த உதிரிப் பாகம், எந்த அலமாரி, எத்தனை இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கார்டில் இருக்கும்.

இப்போது மாதிரி ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கிடையாது. கண்ணாடி அறைக்குள் ஏசி போட்டு யூனிக்ஸ் மிஷின் ஒன்றை மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருப்பார்கள். வெளியே ஹாலில் வரிசையாக டெர்மினல்கள். டெர்மினல் என்றால் ஒரு திரை, ஒரு கீபோர்டு, ஒரு வயர், அவ்வளவுதான். மூளையெல்லாம் மாப்பிள்ளையிடம்.

நான் வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவேன். எங்கள் குடும்பத்தில் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில்தான் வேலை. அப்பா இரும்பு வார்க்கிற ஒரு ஃபவுண்டரியில் சேர்ந்ததே எங்களுக்குப் பெரிய தாண்டல். அதற்கு மேல் நான் புரோகிராமர் என்று ஒரு பெயரோடு கண்ணாடி அறைக்கு வெளியே, ஹாலின் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெயர்தான் புரோகிராமர். பிரிண்டரில் மாட்டிக்கொண்ட காகிதத்தை உருவுவதும் நான்தான், கரண்ட் போனால் ஜெனரேட்டர்காரரைத் தேடி டீக்கடைக்குப் போவதும் நான்தான்.

சந்தனம் படுத்திய பாடு

‘கண்ட்ரோல் எழுத்து, எஸ்கேப் என்றெல்லாம் போகிற போக்கில் எழுதுகிறீர்களே, எங்களுக்கும் கொஞ்சம் புரியும்படி சொல்லக்கூடாதா’ என்று இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருந்தார். கோபம் நியாயமானது. எனக்கே அது புத்தகத்தில் படித்துப் புரியவில்லை. ஆயுத பூஜை புண்ணியத்தில் புரிந்தது.

எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் லேத்து முதல் டீ கெட்டில் வரைக்கும் சந்தனம், குங்குமம். எங்களிடம் இருந்த ஆயுதம் கீபோர்டுதான். அதற்கும் வைத்தாக வேண்டும். எழுத்துகளின் மேல் வைத்தால் பிசுபிசுக்கும் என்று, அதிகம் யாரும் தொடாத ஒரு பொத்தானாகப் பார்த்து நான் வைத்தேன். இடது ஓரத்தில், ஏ எழுத்துக்குப் பக்கத்தில் இருந்த கண்ட்ரோல் பொத்தான். பக்தி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. சந்தனம் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிட்டது.

விடுமுறை முடிந்து வந்து அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். அழுந்தியது மறுபடி எழவில்லை. அரைகுறையாக உள்ளேயே நின்றுவிட்டது. குங்குமத்தை நாமாகத் துடைக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம் என்பதால் யாரும் கிட்டே போய்ப் பார்க்கவும் இல்லை.

அதன்பிறகு அந்த டெர்மினல் பேய் பிடித்த மாதிரி ஆடியது. எஸ் அடித்தால் திரை உறைந்துபோகும். க்யூ அடித்தால் உயிர் வரும். டி அடித்தால் என்னை வெளியே தள்ளிவிட்டு, நீ யார் என்று முதலிலிருந்து கேட்கும். ஜி அடித்தால் பீப் என்று கத்தும். பக்கத்து இருக்கை கலாவதி எலுமிச்சம்பழம் வாங்கி வந்துவிட்டாள்.

எலுமிச்சம்பழம் தன் வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டு, டெர்மினலோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். அங்கே எல்லாம் போட்டிருந்தது. ஏ, பி, சி என்று திரையில் தெரிகிற எழுத்துகளைத் தவிர, தெரியாத எழுத்துகள் சில உண்டு. அவை அச்சாவதற்காக வந்தவை அல்ல, வேலை ஏவுவதற்காக வந்தவை. நிறுத்து என்று ஒன்று. தொடரு என்று ஒன்று. அடுத்த வரிக்குப் போ என்று ஒன்று. ஏழாம் எண் எழுத்துக்கு ‘மணி’ என்றே பெயர். அது வந்தால் டெர்மினல் பீப் என்று சத்தம் போடும். கண்ட்ரோலோடு ஜி சேர்த்தால் வருவது அதுதான்.

எஸ்கேப் என்பது இன்னும் சுவாரசியம். வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது பெரிய மாமா தொண்டையைக் கனைத்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள் இல்லையா? இனி வரப்போவது அரட்டை இல்லை, உத்தரவு. எஸ்கேப் எழுத்தும் அந்தக் கனைப்புதான். அதற்குப் பின்னால் வருகிற நாலைந்து எழுத்துகளைத் திரை காட்டாது, கீழ்ப்படியும். இந்த மூலைக்குப் போ, இந்த வரியை அழி, இதைத் தடித்த எழுத்தில் காட்டு என்று எது வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஒரு குண்டூசியும் ஈரத்துணியும் வைத்துச் சந்தனத்தை எடுத்த பிறகு பேய் ஓடிவிட்டது. கலாவதி இன்றைக்கும் எலுமிச்சம்பழம்தான் என்பாள். நான் மறுப்பதில்லை.

நோட்டைப் பார், கையைப் பாராதே

வசந்தி எங்களிடம் வந்தது அதற்கு அடுத்த வருஷம். கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் வீடு. காது கேட்காதவர்களுக்கான பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். அம்பத்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து லோயர், ஹையர் இரண்டும் முடித்திருந்தாள். பேச மாட்டாள். சைகை செய்வாள். சைகை எங்களுக்குப் பிடிபடாதபோது எழுதிக் காட்டுவாள். பழைய பிரிண்டர் தாள்களின் பின்பக்கம்தான் எங்களுக்கும் அவளுக்கும் நடுவே பேச்சு.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் டைப்ரைட்டிங் போகாத பெண் கிடையாது. பத்தாவது முடித்தால் டைப், கல்யாணம் தள்ளிப்போனால் ஷார்ட்ஹேண்ட். எல்லா இன்ஸ்டிடியூட்டிலும் ஒரே வேதம்தான். நோட்டைப் பார், கையைப் பாராதே. அடித்த தாளையும் பாராதே. பார்த்தால் ஸ்கேலால் ஒரு தட்டு விழும். அந்தத் தட்டு வாங்கி வளர்ந்த கழுத்துகள்தான் எங்கள் ஹால் முழுக்க. எல்லோரும் கார்டைப் பார்த்தே அடிப்பார்கள். திரையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பார்க்காமல் எப்படி முடியும் என்றால், காது இருக்கிறதே. கார்டில் முதலில் வரும் பார்ட் நம்பரின் கடைசி எண் ஒரு காவல்காரன். மற்ற எண்களோடு கணக்குப் பொருந்தவில்லை என்றால் கம்ப்யூட்டர் அந்த நம்பரை ஏற்காது. அடித்ததை அழித்துவிட்டு அதே கட்டத்தில் நின்றுகொண்டு பீப் என்று ஒரு குரல் கொடுக்கும். குரல் கேட்டால் தலை தானாக நிமிரும். திருத்திவிட்டு மறுபடி குனிந்துகொள்வோம். கேட்கிறோம் என்கிற நினைப்பே இல்லாமல் கேட்போம்.

வசந்திக்கு அந்தக் குரல் இல்லை. கம்ப்யூட்டர் முதல் கட்டத்திலேயே நின்றுகொண்டிருக்க, அவள் அடுத்தடுத்த விவரங்களை அடித்துக்கொண்டே போவாள். அது ஒவ்வொன்றையும் பீப் என்று துப்பும். கார்டு முடிந்தது என்று அவள் அடுத்த கார்டை எடுத்தால் அது ஒழுங்காக ஏறிவிடும். நடுவில் அந்த ஒரு கார்டு மட்டும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

ஹாலிலேயே அதிக வேகம் அவளுக்குத்தான். காணாமல் போன கார்டும் அவளுடையதுதான் அதிகம். மேனேஜர் தணிகாசலம் இரண்டையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வேகம் காட்டுவதற்காக அந்தப் பெண் நடுநடுவே கார்டைத் தாண்டிப் போகிறாள் என்பது அவர் கட்சி. அவர் கெட்டவர் இல்லை. கார்டு கொடுத்த கம்பெனிக்காரர்கள் அவர் கழுத்தைப் பிடித்தார்கள், அவருக்கு வேறு காரணம் தெரியவில்லை.

சரி, பக்கத்தில் இருந்தவர்களுக்காவது அவள் டெர்மினல் கத்துவது கேட்டிருக்க வேண்டாமா? அதற்கும் நாங்கள் வழி வைக்கவில்லை. பெரிய பிரிண்டர் ஓடினால் அதன் பக்கத்தில் மனிதர் இருக்க முடியாது. தகரத்தில் ஆணி அடிக்கிற சத்தம். அந்த மூலை இருக்கையை எல்லோரும் தட்டிக் கழித்தார்கள். வசந்தி வந்த அன்று, அவளுக்குத்தான் தொந்தரவாக இருக்காதே என்று அங்கே உட்கார வைத்தோம். எல்லோருக்கும் நிம்மதி. அவளுக்குக் கேட்காத மணி எங்களுக்கும் கேட்காமல் போனது அப்படித்தான்.

அன்று மதியம் அவள் கையில் இருந்தது, ஒன்றையும் ஏழையும் ஒரே மாதிரி எழுதுகிற ஒரு ஸ்டோர்கீப்பரின் கட்டு. அதனால்தான் அத்தனை பீப். பிரிண்டர் மட்டும் நிற்காமல் இருந்திருந்தால், சனிக்கிழமை நானும் மேனேஜர் சொன்னதை அப்படியே எழுதிக் காட்டியிருப்பேன்.

ஏழுமலை விளக்கைப் போட்டான்

காரணம் தெரிந்துவிட்டது. மாற்று தெரியவில்லை. திரையில் ‘தப்பு’ என்று பெரிதாக எழுதிக் காட்டலாம். ஆனால் பார்க்காத திரையில் எவ்வளவு பெரிதாக எழுதினால் என்ன? கார்டுக்கு ஒருமுறை நிமிர்ந்து பார் என்று அவளிடம் சொல்லலாம். அப்படிச் செய்தால் வேகம் பாதியாகக் குறையும். அதையும் சாக்காக வைத்து அனுப்பிவிடுவார்கள்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அன்று மதியத்திலிருந்து அதன் மேல் எனக்குக் கோபம். காது கேட்காது என்று தெரிந்த பிறகும் சங்கையே ஊதிக்கொண்டிருந்தவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை பாருங்கள்.

சாயங்காலம் வசந்தியைக் கூட்டிப்போக அவள் அண்ணன் ஏழுமலை சைக்கிளில் வந்தான். இரண்டு தெரு தள்ளி ஒரு லேத்து பட்டறையில் வேலை. கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஹாலுக்குள் வராமல் வாசலிலேயே நிற்பான். அவன் வருவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அவளை எப்படிக் கூப்பிடுகிறான் என்று அன்றுதான் பார்த்தேன்.

வாசல் பக்கத்துச் சுவிட்சுப் பலகையில் கை வைத்தான். பிரிண்டருக்கு மேலே தொங்குகிற குண்டு பல்பைப் போட்டு அணைத்தான். போட்டு அணைத்தான். கார்டின் மேல் குனிந்திருந்த வசந்தி நிமிர்ந்தாள். பல்பைப் பார்க்கவில்லை. நேராக வாசலைப் பார்த்து, வருகிறேன் என்று கை காட்டினாள்.

நான் எழுந்து அவனிடம் ஓடினேன். அவன் பயந்துவிட்டான். சுவிட்சைத் தொட்டதற்குத் திட்டப்போகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, இரண்டு அடி பின்னால் போனான்.

“எங்கூட்ல இப்டித்தான் மேடம். இத்த கூப்டணும்னா லைட்ட போட்டு போட்டு அணைப்போம். கரண்ட் இல்லன்னா தரைய தட்டுவோம். எங்கம்மா சாமான் வெளக்கிகினே கால தட்டும், இது டக்னு திரும்பிப் பாக்கும்” என்றான்.

குனிந்து வேலையாக இருந்தாலும் வெளிச்சம் தெரியுமா என்று கேட்டேன். கோலம் போட்டுக்கொண்டிருந்தாலும் தெரியும் என்றான். வெளிச்சத்தை நேராகப் பார்க்கவே வேண்டாமாம், கண்ணோரத்தில் பட்டால் போதுமாம்.

என் தலைக்குள்ளும் ஒரு பல்பு எரிந்தது. அவன் போகாமல் நின்றான். கை எண்ணெயைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே, தங்கைக்குக் கேட்காது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“இன்னா மேடம், சனிக்கெயமையோட நிறுத்திடுவீங்கன்னு பேசிக்கிறாங்களே, நெசமா? மின்ன வேல பண்ண எடத்துல டப்பா மடிக்க வுட்டாங்கோ. டைப்பு பாஸ் பண்ணிட்டு டப்பா மடிக்கிறதான்னு ஊட்ல அழுதுகினே கெடந்துச்சி. இங்க வந்தப்பறம்தான் சிரிச்ச மொகமா கீது. எதுனா தப்பு பண்ணா எங்கைல சொல்லுங்க, நா அதுக்கு எடுத்துச் சொல்றேன்.”

தப்பு அவளுடையது இல்லை என்று மட்டும் சொன்னேன்.

ஒன்றுமில்லாத எழுத்துகள்

வெள்ளிக்கிழமை காலையில் வழக்கமான ரயிலுக்கு முந்தின ரயிலைப் பிடித்தேன். டெர்மினல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் நான் தேடியது இருந்தது. எஸ்கேப், ஒரு சதுர அடைப்பு, ஒரு கேள்விக்குறி, ஐந்து, ஹெச். இதை அனுப்பினால் திரை முழுவதும் தலைகீழாகிவிடும். கறுப்பு வெளுப்பாகும், எழுத்து கறுப்பாகும். ஹெச்சுக்குப் பதிலாக எல் அனுப்பினால் பழையபடி திரும்பிவிடும். ஒரு திரை மொத்தமும் பளிச்சென்று வெளுத்தால் அது குண்டு பல்புக்குக் குறைந்ததா என்ன?

கார்டு ஏற்றுகிற புரோகிராமை எழுதியவர் எங்கோ வெளிநாட்டுக்குப் போய்விட்டிருந்தார். நல்லவர், எழுதியதை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஏழாம் எழுத்தை அனுப்புகிற இடத்தைத் தேடிப் பிடித்தேன். வசந்தியின் பெயரில் நுழைந்தால் மட்டும், அதற்குப் பதிலாக ஹெச் உத்தரவும் எல் உத்தரவும் போகும்படி மாற்றினேன்.

முதல் முயற்சியில் எஸ்கேப் எழுத்தை நான் தப்பாகக் கொடுத்துவிட்டேன். கனைப்பு இல்லாத மாமாவின் பேச்சு மாதிரி, உத்தரவெல்லாம் வெறும் எழுத்தாகத் திரையில் வந்து விழுந்தது. இரண்டாவது முயற்சியில் எஸ்கேப் சரி. ஆனால் திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. என்ன குறை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். குறை ஒன்றும் இல்லை. வெளு என்பதும் கறு என்பதும் ஒட்டிக்கொண்டு போனதால், வெளுப்பதற்கு நேரமே இல்லாமல் அது கறுத்துவிட்டது.

நடுவில் கொஞ்சம் நேரம் வேண்டும். ஒரு நொடி நிறுத்தி வைக்க யூனிக்ஸில் சுலபமான வழி உண்டு. ஆனால் வசந்தியின் வேகத்துக்கு ஒரு நொடி என்பது யுகம். அப்போதுதான் இன்னொரு விசித்திர எழுத்து நினைவுக்கு வந்தது. எண் பூஜ்யம். அது எதையும் காட்டாது, எதையும் ஏவாது. டெர்மினல் அதை வாங்கித் தூரப் போட்டுவிடும். ஆனால் வயர் வழியாக வந்து சேர மற்ற எழுத்துகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அதுவும் எடுத்துக்கொள்ளும். பழைய ஆட்கள் நேரத்தை ஓட்டுவதற்கென்றே அதை அனுப்புவார்கள் என்று படித்திருந்தேன்.

வெளு என்று சொல்லிவிட்டு, ஒன்றுமில்லாத எழுத்துகளைக் கைநிறைய அள்ளிப் போட்டேன். அதன்பிறகு கறு. திரை ஒருமுறை கண் சிமிட்டியது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மாவைத் தவிர ஹாலில் யாரும் இல்லாததால் அவரிடம் சொன்னேன். அவர் சந்தோஷம் என்றார்.

யார் கூப்பிட்டது?

வசந்தி வந்ததும் நான் ஒன்றும் எழுதிக் காட்டவில்லை. முந்தின நாள் கட்டையே எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். பிரிண்டர் தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அடிக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்திலேயே ஏழா ஒன்றா என்கிற கார்டு வந்தது. அடித்தாள். திரை பளிச்சென்று வெளுத்து அடங்கியது.

வசந்தியின் கைகள் நின்றன. தலை நிமிர்ந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள்.

வாசலில் அண்ணன் இல்லை. பல்பும் எரியவில்லை. குழப்பத்தோடு என்னைப் பார்த்தாள். நான் திரையைக் காட்டினேன். காலியாக நின்ற முதல் கட்டத்தைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள், ஒன்றை ஏழாக மாற்றி அடித்தாள். கட்டம் நகர்ந்தது. அடுத்த கார்டை வேண்டுமென்றே தப்பாக அடித்தாள். திரை வெளுத்தது. இன்னொரு முறையும் செய்து பார்த்தாள்.

பிறகு தாளை இழுத்து எழுதினாள். ‘இது இன்றைக்குத்தான் வந்ததா?’

வெளிச்சம் இன்றைக்குத்தான், ஆனால் முதல் நாளிலிருந்தே இது உன்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது என்று எழுதினேன். எல்லோருக்கும் அப்படித்தான் கூப்பிடும் என்றும் எழுதினேன்.

அவள் குனிந்து அதைப் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்தது கோபம். தாள் கிழியும்படி அழுத்தி எழுதினாள். ‘ஏன் யாரும் சொல்லவில்லை?’

அடுத்த வரியை அவளே எழுதினாள். ‘என் பழைய கட்டுகளைக் கொடுங்கள்.’

அன்றும் மறுநாளும் அவள் வேறெதையும் தொடவில்லை. காணாமல் போயிருந்த கார்டுகளைத் தேடித் தேடி ஏற்றினாள். சனிக்கிழமை மதியம் மேனேஜரைக் கூட்டிவந்து அவள் பின்னால் நிறுத்தினேன். முழுக் கதையையும் சொன்னேன். திரை வெளுப்பதையும், அவள் கை நிற்பதையும், திருத்திவிட்டு மறுபடி பறப்பதையும் அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் பிரிண்டரைப் பார்த்தார்.

“நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா இங்க ஒக்கார வச்சேன்” என்றார்.

தன் அறைக்குப் போனார். சாயங்காலம் அவரே வந்து, திங்கட்கிழமையிலிருந்து நீ எங்கள் நிரந்தர ஆள் என்று வசந்தியின் தாளில் தன் கையால் எழுதிக் கொடுத்தார். வாசலில் நின்ற ஏழுமலையிடம் அவள் அந்தத் தாளைக் காட்ட, அவன் எண்ணெய்க் கையால் அதை வாங்காமல், அவளையே பிடித்துக்கொள்ளச் சொல்லி இரண்டு முறை படித்தான்.

வசந்தி கேட்டது

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் வசந்தி என் மேஜைக்கு வந்து ஒரு தாளை வைத்தாள். வீட்டிலேயே எழுதி, அடித்துத் திருத்திக் கொண்டுவந்திருந்தாள்.

‘அக்கா, ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்கு இத்தனை நாளாகப் புரியவில்லை. சத்தம்தான் என்று இப்போது தெரிகிறது. என் கம்ப்யூட்டர் கூப்பிட்டால் எனக்கு மட்டும்தான் தெரிகிறது. எனக்கும் அந்தச் சத்தம் வேண்டும். நடு வரிசையில் இடமும் வேண்டும்.’

நான் அதை இரண்டு முறை படித்தேன். அவளுக்குப் பயன்படாது என்று மணியை நான்தானே வெட்டி எறிந்தேன். அது பக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்துக் கூப்பிடுகிற மணி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மணியைத் திரும்பச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. வெளு என்பதற்கு முன்னால் ஏழாம் எழுத்து ஒன்று. இடம்தான் பெரும்பாடு. நடு வரிசையில் ஒருவர் எழுந்தால் அவர் பிரிண்டர் மூலைக்குப் போக வேண்டும். யார் போகிறீர்கள் என்று கேட்டதும் எல்லோரும் அவரவர் கார்டில் மும்முரமாகிவிட்டார்கள். கடைசியில் நடு வரிசையில் கலாவதிக்குப் பக்கத்தில் இருந்த என்னுடைய இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மூட்டை முடிச்சோடு நானே மூலைக்குப் போனேன். அன்று வேப்பம்பட்டு போய்ச் சேர்ந்த பிறகும் காதுக்குள் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இரைச்சலில்தானே அவள் மணி இத்தனை நாளும் அமுங்கிக் கிடந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பதினோரு மணி டீ வருகிற நேரம். மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடு வரிசையில் ஒரு திரை பளிச்சென்று வெளுத்தது. உடனே அங்கிருந்த தலைகள் எல்லாம் வசந்தியின் பக்கம் திரும்பின. கலாவதி அவள் தோளில் இடித்தாள். வசந்தி திரும்பியதும், உதடு நன்றாகத் தெரியும்படி, கன்னத்தில் கை வைத்துத் தூங்குகிற மாதிரி சாய்ந்து காட்டிக்கொண்டே கேட்டாள்.

“இன்னாடி, தூங்கிகினு கீறியா?”

வரிசையே சிரித்தது. வசந்தி சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். எங்களிடம் வந்ததிலிருந்து அவள் குரலை நான் கேட்டதே இல்லை. பிரிண்டர் இரைச்சலையும் தாண்டி அது என் மூலை வரைக்கும் கேட்டது.